சுலைமானியாவின் கும்மட்டம் எப்படி நிற்கிறது?

செங்கல்லை அடுக்கிக் கட்டிய கும்மட்டத்தின் எடை கீழ்நோக்கி மட்டும் இறங்குவதில்லை. அடிவிளிம்பை நாலாபுறமும் வெளியே உதைக்கும். கட்டியவர்கள் மறைந்து நூற்றாண்டுகள் ஆனாலும் அந்த உதைப்பு ஓயாது. இஸ்தான்புல்லின் சுலைமானியா பள்ளிவாசலுக்குள் காலணியைக் கழற்றிவிட்டு நுழைகிறவருக்கு, தலைக்கு மேல் இப்படியொரு மல்லுக்கட்டு நடக்கிறது என்ற எண்ணமே வராது. தரையிலிருந்து 53 மீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 26.5 மீட்டர் விட்டமுள்ள கும்மட்டம். அதற்குக் கீழே 59 மீட்டருக்கு 58 மீட்டர் அளவில் தொழுகைக் கூடம். நடுவில் பார்வையை மறிக்க ஒன்றுமில்லை. மனசு தானாக அடங்கும். இந்த அமைதியைப் பலர் பக்தியின் விளைவு என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். மறுபாதி விசைகளைக் கணக்குப் பார்த்து, வழிவகுத்து, கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்த ஒரு மனிதரின் வேலை.

அவர் பெயர் சினான். கைசேரிக்கு அருகேயுள்ள கிராமத்தில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, உஸ்மானியப் படைக்கு எடுக்கப்பட்டு, இஸ்லாத்தைத் தழுவி, போர்களில் பாலமும் படகும் கட்டிப் பழகியவர். 1538-இல் மால்டோவியப் படையெடுப்பின்போது புரூத் ஆற்றின் குறுக்கே 13 நாளில் பாலம் போட்டுக் கொடுத்ததுதான் அவரை சுல்தான் சுலைமானின் கண்ணில் நிறுத்தியது. அதையொட்டித் தலைமைக் கட்டடக் கலைஞரானவர், 1588-இல் இறக்கும்வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்தப் பதவியில் இருந்தார். சுலைமானியாவுக்கு 1550-இல் கடைக்கால் போட்டார்கள். 1557-இல் தொழுகைக்குத் திறந்தார்கள்.

இந்தக் கட்டடத்தைப் புரிந்துகொள்ள, நடந்தே போகிற தூரத்தில் இருக்கும் இன்னொரு கட்டடத்தைப் பார்த்தாக வேண்டும். ஹேகியா சோபியா. கி.பி. 537-இல் பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் கட்டி முடித்த தேவாலயம். 1453-க்குப் பிறகு பள்ளிவாசல். அதன் கும்மட்டம் சுமார் 31 மீட்டர் விட்டம். முதலில் கட்டியது மிகத் தட்டையாக இருந்ததால் உதைப்பு அதிகம். நிலநடுக்கத்துக்குப் பின் 558-இல் சரிந்தது. 562-இல் அதைச் சுமார் 6 மீட்டர் உயர்த்திக் கட்டினார்கள். கும்மட்டம் உயர உயர உதைப்பு குறையும். அப்படியும் 989-இல் ஒரு பகுதி, 1346-இல் இன்னொரு பகுதி விழுந்தது.

ஏன் விழுந்தது? சதுரமாக நிற்கும் நான்கு பெருந்தூண்கள், அவற்றை இணைக்கும் நான்கு பெரிய வளைவுகள், மூலைகளில் வளைந்த முக்கோணங்கள், அவற்றின் மேல் கும்மட்டம்: இதுதான் அமைப்பு. கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு அரைக் கும்மட்டங்கள் தோள் கொடுக்கின்றன. வடக்கிலும் தெற்கிலும் அந்தத் தோள் கிடையாது. வெறும் வளைவுதான். ஆயிரம் ஆண்டாக வெளியே தள்ளப்பட்டுத் தள்ளப்பட்டு, தூண்கள் அந்தத் திசையில் சாய்ந்தே விட்டன. அதன் கும்மட்டம் இன்று சரியான வட்டமாகக்கூட இல்லை.

சினான் இதைத் தீர்க்கும் வழியை ஏற்கெனவே கண்டிருந்தார். 1548-இல் முடித்த ஷெஹ்ஸாதே பள்ளிவாசலில் நான்கு பக்கமும் நான்கு அரைக் கும்மட்டம் வைத்தார். உதைப்பு எல்லாப் பக்கமும் சமமாக வாங்கப்பட்டது. கணக்கு முடிந்தது. ஆனால் சுலைமானியாவுக்கு வரும்போது, வாசலிலிருந்து மிஹ்ராப் (தொழும் திசையைக் காட்டும் மாடம்) நோக்கிய திசையில் மட்டும் இரண்டு அரைக் கும்மட்டம், பக்கங்களில் வெறும் வளைவு என்று ஹேகியா சோபியாவின் அமைப்பையே எடுத்துக்கொண்டார். எளிய விடை கையில் இருக்கும்போது, ஆயிரம் ஆண்டுப் பழமையான, பிழை தெரிந்த கணக்கை மறுபடியும் போட உட்கார்ந்தார். சுலைமானியாவில் எனக்கு ஆகப் பிடித்தது இந்தத் துணிச்சல்தான். தலைநகரின் முதல் கட்டடம் எது என்ற கேள்வியை ஹேகியா சோபியாவின் மொழியிலேயே எதிர்கொண்டு, அது விட்ட இடத்தில் சரிசெய்து காட்டுகிறார்.

அவர் எப்படிச் சரிசெய்தார் என்று பார்ப்பதற்கு முன், கும்மட்டத்துக்குள் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஒரே தடிமன் உள்ள அரைக்கோளக் கும்மட்டத்தில், உச்சியிலிருந்து ஏறத்தாழ 52 பாகைக் கோணம் வரை உள்ள பகுதி எல்லாத் திசையிலும் அமுங்கியே இருக்கிறது. செங்கல்லுக்கு அமுக்கம் பிடிக்கும். எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும். அதற்குக் கீழே கதை மாறுகிறது. அடிப்பகுதி வளையம் வளையமாக விரியப் பார்க்கிறது. அங்கே இழுவிசை பிறக்கிறது. செங்கல்லும் காரையும் இழுவிசைக்கு ஆகாதவை. ஆகவே அடியிலிருந்து மேல்நோக்கிச் செங்குத்தாக வெடிப்பு விடும்.

கட்டை வண்டிச் சக்கரத்துக்குக் கொல்லர் பட்டா போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் மருந்து உடனே புரியும். மரத் துண்டுகள் விரிந்து பிரியாமல், சுற்றிலும் ஓர் இரும்பு வளையம் இறுக்கிப் பிடிக்கிறது. சினானின் ஆட்கள் கல்லோடு கல்லை இரும்புக் கவ்விகளால் பிணைத்து, துளைகளில் ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். ஈயம் இரண்டு வேலை செய்கிறது: இரும்பில் ஈரமும் காற்றும் படாமல் காத்துத் துருவைத் தள்ளிப்போடுகிறது, மென்மையான உலோகம் என்பதால், கட்டடம் அசையும்போது கல்லை உடைக்காமல் தானும் கொஞ்சம் நெளிந்து கொடுக்கிறது. வளைவுகளின் கால்களுக்கு நடுவே குறுக்காக ஓடும் இரும்புக் கம்பிகளையும் கவனியுங்கள். அழகைக் கெடுக்கிறதே என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. வளைவின் இரண்டு கால்களும் விலகாமல் இழுத்துப் பிடித்திருப்பது அதுதான்.

அடிவிளிம்பில் சுற்றிலும் 32 சன்னல்கள். வெடிப்பு விடுகிற இடத்தில் போய் ஓட்டை போடலாமா என்று தோன்றும். இழுவிசையைத் தாங்க முடியாத இடத்தில் சுவர் தொடர்ச்சியாக இருந்து பயனில்லை. வெடிப்பு வரவேண்டிய இடத்தில் சன்னல் வந்துவிட்டால் அங்கே வெடிக்க ஒன்றுமில்லை. சன்னலுக்கும் சன்னலுக்கும் இடையே உள்ள கட்டையான தூண்கள், வெளிப்புறம் சிறு முட்டுகளாகப் புடைத்து நின்று உதைப்பை வாங்கிக் கொள்கின்றன. உள்ளே நிற்பவருக்கோ, கும்மட்டத்தின் அடியில் ஒளி வளையம் ஒன்று தெரிகிறது. மேலே இருப்பதற்கு எடையே இல்லாதது போல.

இதையெல்லாம் சமன்பாடாக எழுதும் வித்தை அப்போது எங்கும் இல்லை. தொங்கும் சங்கிலியைத் தலைகீழாக்கினால் வளைவுக்கு ஏற்ற வடிவம் கிடைக்கும் என்று ராபர்ட் ஹூக் அறிவித்தது 1675-இல். ரோமில் புனித பேதுரு பேராலயக் கும்மட்டம் வெடிப்பு விட்டபோது, ஜியோவான்னி பொலேனி அந்தச் சங்கிலிக் கருத்தை வைத்து ஆராய்ந்து நூல் வெளியிட்டது 1748-இல். அங்கேயும் கடைசியில் சுற்றிலும் கூடுதல் இரும்பு வளையங்கள்தான் போட்டார்கள். சினானிடம் இருந்தது விழுந்த கட்டடங்களையும் விழாத கட்டடங்களையும் அருகில் போய்ப் பார்த்த அறிவு. அதை அறிவியலில் சேர்க்கத் தயங்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இனி அவர் செய்த திருத்தம். பக்கவாட்டில் அரைக் கும்மட்டம் இல்லாத குறையை ஈடுகட்டப் பெரிய முட்டுச்சுவர்கள் தேவை. ஹேகியா சோபியாவில் அவை வெளியே கோட்டைச் சுவர் போலத் துருத்திக்கொண்டு நிற்கின்றன. சினான் ஒவ்வொரு முட்டுச்சுவரையும் பக்கச் சுவரோடு சேர்த்து, பாதியை உள்ளே, பாதியை வெளியே வைத்தார். பிறகு உள்ளேயும் வெளியேயும் அந்தத் துருத்தல்களுக்கு இடையில் தூண்வரிசையோடு கூடிய தாழ்வாரங்களை நிரப்பினார். வெளியே இரண்டு அடுக்கு. பக்கவாட்டு வாசல் அருகே நின்றால், வெயிலுக்கு ஒதுங்க அழகான திண்ணைத் தாழ்வாரம் என்றுதான் படும். கும்மட்டத்தின் உதைப்பை மண்ணுக்குள் இறக்கும் சுவர்கள் அந்த நிழலுக்குள் நிற்கின்றன.

இன்னொரு தந்திரம் மேலே இருக்கிறது. நான்கு பெருந்தூண்களுக்கு மேல் கூரையைத் தாண்டி நான்கு தடித்த கோபுரங்கள் எழும்புகின்றன. வெறும் அலங்காரம் போல இருக்கும் இவற்றின் வேலை எடையாக இருப்பதுதான். பக்கவாட்டில் வரும் உதைப்போடு மேலிருந்து ஒரு கனம் சேர்ந்தால், இரண்டும் கூடிய விசை கீழ்நோக்கித் திரும்பும். தூணுக்குள்ளேயே இறங்கி அடித்தளத்தை அடையும். கோபுரத்தை எடுத்துவிட்டால் அந்த விசைக்கோடு தூணின் வெளிமுகத்தை நோக்கி ஒதுங்கிவிடும். எடையைக் கூட்டி நிலைப்பைக் கூட்டுவது கல் கட்டுமானத்தின் வியப்பான இயல்பு.

கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுவர்களுக்குச் சினான் விரும்பி எடுத்தது இஸ்தான்புல் பக்கத்தில் கிடைக்கும் குஃபெகி என்ற சிப்பிச் சுண்ணாம்புக்கல். வெட்டி எடுத்த புதிதில் மென்மையாக இருக்கும். உளி சொன்னபடி கேட்கும். காற்றுப் பட்டு உள்ளீரம் வெளியேற வெளியேற, அதில் கரைந்திருந்த சுண்ணம் மேற்பரப்பில் படிந்து கல்லை இறுக்கிவிடும். காரைக்குச் சுண்ணாம்போடு இடித்த செங்கல் தூளைச் சேர்த்தார்கள். நம் ஊர்ப் பழைய கொத்தனார்கள் சுர்க்கி என்பார்களே, அதே சரக்கு. சுட்ட களிமண்ணில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு வினைபுரிந்து, ஈரத்திலும் கரையாத பிணைப்பைத் தருகின்றன. இது மெதுவாக இறுகும். அந்த மெத்தனம் ஒரு வரம்: கட்டடம் தன் எடையில் கொஞ்சம் அமரும்போது காரையும் வெடிக்காமல் கூடவே அமர்ந்துவிடும்.

இந்தச் சரக்கெல்லாம் எங்கிருந்து வந்தது, யார் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்று எழுதிவைத்த கணக்குப் புத்தகங்கள் இன்றும் இருக்கின்றன. துருக்கிய வரலாற்றாசிரியர் ஒமர் லுத்ஃபி பார்கான் 1970-களில் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். வேலை செய்த கைவினைஞர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள் என்பது அதிலிருந்துதான் தெரிந்தது. ஒரு பேரரசின் பெருமைக்குரிய பள்ளிவாசலை எழுப்பிய கைகளில் பாதி ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போன கைகள்.

மர்மரா கடலுக்கடியில் வட அனத்தோலியப் பிளவு ஓடுகிறது. 1509-இல் இஸ்தான்புல்லைப் புரட்டிப்போட்ட நிலநடுக்கத்தைச் சின்ன கியாமத் (உலக முடிவு) நாள் என்றே மக்கள் அழைத்தார்கள். 1766 மே மாதம் வந்த நிலநடுக்கத்தை ஒரு பரிசோதனை என்றே சொல்லலாம். அருகில் இருந்த பழைய ஃபாத்திஹ் பள்ளிவாசலின் கும்மட்டமும் 26 மீட்டர் அளவுதான். ஆனால் அதற்கு ஒரே ஓர் அரைக் கும்மட்டம்தான் துணை. அது இடிந்து விழுந்தது. பள்ளிவாசலையே வேறு அமைப்பில் புதிதாகக் கட்ட வேண்டி வந்தது. சுலைமானியாவுக்குக் காயம் பட்டது, பழுதுபார்த்தார்கள், நின்றது. நம் காலத்தில் போஸ்போரஸ் பல்கலைக்கழகத்தின் கந்தில்லி ஆய்வகம் இங்கேயும் ஹேகியா சோபியாவிலும் அதிர்வுமானிகளைப் பொருத்தியிருக்கிறது. ஹேகியா சோபியா தன் இயல்பில் நொடிக்கு ஏறத்தாழ 2 முறை அசைகிறது. சுலைமானியா 3 முறைக்கும் மேல். விறைப்பான கட்டடமே வேகமாக அதிரும். முட்டுச்சுவரும் தாழ்வாரமும் செய்த வேலை இப்படி எண்ணாகத் தெரிகிறது.

கண்ணுக்கு இவ்வளவு என்றால், காதுக்கு வேறு கதை இருக்கிறது. பள்ளிவாசலில் ஒலிக்கு இரண்டு கடமைகள். இமாம் ஓதுவது கடைசி ஸஃப்பில் (தொழுகை வரிசையில்) நிற்பவருக்கும் கேட்க வேண்டும். அதே சமயம் குர்ஆன் ஓதலுக்கு ஒரு நீட்சியும் கனமும் வேண்டும். ஒலி நீண்டால் சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். நீளாவிட்டால் ஓதல் வறண்டு போகும்.

கும்மட்டம் ஒரு குழியாடி போல ஒலியைக் குவிக்கும் என்பது பள்ளிப் பாடம். குவியம் மனிதர் தலைமட்டத்தில் விழுந்தால் தொல்லை: ஓரிடத்தில் பேசினால் வேறோரிடத்தில் இடிபோலக் கேட்கும். சுலைமானியாவின் அளவுகளைப் போட்டுப் பாருங்கள். வளைவின் ஆரம் 13 மீட்டர் சொச்சம், ஒலி எழும் தரை 53 மீட்டர் கீழே. ஆடிச் சமன்பாட்டில் இட்டால் குவியம் உச்சிக்கு 7, 8 மீட்டர் கீழே வரும். அதாவது தரைக்கு 45 மீட்டர் மேலே, வெறும் காற்றில். அங்கே குவிந்த ஒலி பின்னர் விரிந்து பரந்து, நெடுந்தூரம் கடந்து, வலுவிழந்துதான் கீழே வந்து சேர்கிறது. குரல் மேலே போய்த் திரும்ப 106 மீட்டர்; ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நொடி.

எவ்வளவு நேரம் ஒலி தங்கும் என்பதற்கு ஹார்வர்டின் வாலஸ் சபைன் 1890-களில் விதி கண்டார்: கூடத்தின் கன அளவு கூடினால் ஒலி நீளும், உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும். தரை முழுக்க விரித்த கம்பளமும், வரிசையாக நிற்கும் மனித உடல்களும், ஆடைகளும் உறிஞ்சிகள். ஆனால் இவை கூர்மையான ஒலியைத்தான் நன்றாக விழுங்கும். ஆண்குரலின் அடித்தொனி தப்பித்துவிடும். அதை அடக்கத்தான் கும்மட்டத்துக்குள் மண்ஜாடிகளை வாய் உள்நோக்கித் திறந்திருக்கும்படி பதித்தார்கள். காலிப் புட்டியின் வாயில் ஊதினால் ஒரே ஒரு சுரத்தில் முழங்குமல்லவா? அந்தச் சுரம் வெளியிலிருந்து வந்தால் உள்ளிருக்கும் காற்றும் சேர்ந்து அதிரும். ஒலியின் ஆற்றலில் கொஞ்சத்தை வாங்கி வெப்பமாகக் கரைக்கும், மீதியைப் பல திசைக்கும் சிதறடிக்கும். 19-ஆம் நூற்றாண்டில் ஹெர்மான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கிய ஒத்ததிர்வு இதுதான்.

பூச்சுக்கும் இதில் பங்குண்டு. சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் ஒலியை வாங்கும். இறுகிய சிமென்ட் பூச்சு திருப்பி அடிக்கும். பழைய கட்டடத்தைச் செப்பனிடுகிறோம் என்று சிமென்ட் பூசுகிறவர்கள் நிறத்தை மட்டும் மாற்றவில்லை, ஒலியையும் மாற்றுகிறார்கள். நம் ஊரிலும் இது நடக்கிறது என்பதால் இதைக் கொஞ்சம் கோபத்தோடே சொல்கிறேன்.

கட்டி முடியும் தறுவாயில் சினான் கும்மட்டத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து ஹுக்கா பிடித்ததாகவும், கோபத்தோடு வந்த சுல்தானிடம் குடுவை நீரின் குமிழி ஓசை எங்கெல்லாம் கேட்கிறது என்று சோதிப்பதாகச் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. புகையிலை உஸ்மானிய நாட்டுக்கு வந்தது 1600-ஐ ஒட்டித்தான், சினான் இறந்த பிறகு. கதை பிற்காலத்தது. இருந்தாலும், இந்தக் கட்டடத்தின் ஒலி தற்செயலாக அமைந்ததல்ல என்று மக்கள் உணர்ந்திருந்ததால்தான் அப்படியொரு கதை பிறந்திருக்கிறது.

விளக்குகள் தலைக்கு மேல் எட்டிப்பிடிக்கும் உயரத்தில், நீண்ட கம்பிகளில் தொங்குகின்றன. இன்று மின்விளக்கு, அன்று எண்ணெய் விளக்கு. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும் என்பதால், விளக்கை இறக்கினால்தான் ஓதுகிறவர் கண்ணுக்கு எழுத்து தெரியும். அத்தனை சுடரும் கக்கிய கரி, காற்றோட்டத்தின் போக்கில் முதன்மை வாசலுக்கு மேலிருக்கும் சிற்றறையில் போய்ச் சேர்ந்ததாகவும், அதைச் சுரண்டி மை செய்ததாகவும் இஸ்தான்புல்லில் எல்லோரும் சொல்வார்கள். விளக்குக் கரியும் வேலம்பிசினும் சேர்ந்த மைதான் எழுத்தணிக் கலைஞர்கள் பயன்படுத்தியது.

மிஹ்ராப் சுவரை மட்டும் அவசரமாகப் பார்த்துவிட்டு நகரக் கூடாது. அங்கே பதித்த இஸ்னிக் ஓடுகளின் உடல் சாதாரணக் களிமண் அல்ல. பெரும்பங்கு அரைத்த குவார்ட்ஸ். அதனால்தான் அந்தப் பால்வெண்மை. நீலத்துக்குக் கோபால்ட், பசுநீலத்துக்குச் செம்பு. சிவப்புதான் அன்று புதிது. சுலைமானியாவின் ஓடுகள், இஸ்னிக் குயவர்கள் அந்தச் சிவப்பைக் கட்டடத்தில் கையாண்ட முதல் முயற்சிகளில் சேரும். அது இரும்பு மிகுந்த மண். மெல்லிதாகப் பூசினால் சூளையில் வெளிறிப் பழுப்பாகிவிடும். ஆகவே தடிப்பாக அப்பினார்கள். பக்கவாட்டில் வெளிச்சம் படும் வேளையில் ஓரமாகச் சாய்ந்து பார்த்தால், நீலம் ஓட்டோடு ஓடாகக் கிடக்க, சிவப்பு இதழ்கள் மட்டும் பளபளப்புக்கடியில் பருத்து நிற்பது தெரியும். அந்த ஒரு சாணகலப் பரப்பில் கொஞ்ச நேரம் செலவிடுங்கள். மேலே கும்மட்டத்தில் இன்று காணும் வண்ணவேலை 19-ஆம் நூற்றாண்டில் ஃபொஸ்ஸாட்டி சகோதரர்கள் தீட்டியது. சினான் காலத்தது அல்ல. எனக்கு அது கொஞ்சம் பகட்டாகவே படுகிறது.

சினான் இங்கே நிற்கவில்லை. எதிர்னேயில் 1575-இல் முடிந்த சலீமியா பள்ளிவாசலில் எட்டுத் தூண்கள் மேல் 31 மீட்டர் சொச்சம் விட்டத்தில் ஒரே கும்மட்டத்தை ஏற்றினார். அதே 1570-களில், ஹேகியா சோபியாவைச் செப்பனிடும் பணியும் அவரிடம் வந்தது. வாழ்நாளெல்லாம் எந்தக் கட்டடத்தோடு வாதாடினாரோ, அதன் சாய்ந்த சுவர்களுக்கு முட்டுக் கொடுத்துத் தாங்கிப் பிடித்தார்.

போகிறவர்கள் முதலில் ஹேகியா சோபியாவைப் பார்த்துவிட்டு அதே நாளில் சுலைமானியாவுக்கு வாருங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலையும் தொழுகை வேளைகளையும் தவிர்த்து, காலை வெயில் சாய்வாக விழும்போது வருவது நல்லது. உள்ளே போகும் முன் பக்கத் தாழ்வாரத்தில் நின்று முட்டுச்சுவர்களை எண்ணிப் பாருங்கள். உள்ளே போனபின் அதே சுவர்களின் மறுபாதியைத் தேடுங்கள். வெளியே வந்ததும் வளாகத்தின் வடக்கு மூலைக்கு நடந்தால், சினான் தனக்கென்று கட்டிக்கொண்ட சிறிய கல்லறை இருக்கிறது. சாலை ஓரத்து முக்கோண மனையில், சாதாரணச் சுற்றுச்சுவருக்குள்.